தள்ளித்தள்ளி வரும் பீரியட்ஸ்: கருமுட்டை வெளியாகும் நாளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பெண்ணின் கடைசி நான்கு சுழற்சிகள் 31, 44, 37, 52 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் ஆப் இந்த நான்கையும் கூட்டி நான்கால் வகுக்கும். சராசரி 41. அதில் 14-ஐக் கழித்து, 27-ஆம் நாள் கருமுட்டை வெளியாகும், 22 முதல் 27 வரை கருத்தரிக்கும் நாட்கள் என்று வட்டம் போட்டுக் காட்டும். ஆனால் அந்த நான்கு தடவையும் முட்டை வெளியாகியிருந்தால், அது ஏறக்குறைய 17, 30, 23, 38-ஆம் நாட்களில் நடந்திருக்கும். முதல் தடவையும் நான்காம் தடவையும் ஆப் சொன்ன நாட்களில் ஒன்றுகூடத் தேறாது. இரண்டாம் தடவை மூன்று நாள், மூன்றாம் தடவை இரண்டு நாள் ஒட்டிக்கொள்ளும். ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் கையில் இருப்பது பழைய தேதிகள் மட்டும்தான். இந்த மாதம் சினைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் கணக்கில் ஒரே ஒரு எண் மட்டும் பெரிதாக அசையாது: அந்த 14. கருமுட்டை வெளியான பிறகு அடுத்த பீரியட்ஸ் வரும்வரை உள்ள இடைவெளி பெரும்பாலும் 12 முதல் 14 நாட்கள். ஆளுக்கு ஆள் 10 முதல் 16 வரை போகலாம், ஆனால் ஒரே பெண்ணுக்கு மாதாமாதம் அதிகம் மாறாது. ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ 1920-களிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். ஆக, சுழற்சி 52 நாட்களாக நீளும்போது நீண்டது முட்டை வெளியாவதற்கு முந்தைய பகுதி. தேதி தள்ளிப்போவது என்றால், முதலில் முட்டை தள்ளிப்போயிருக்கிறது, அதன் பின்னாலேயே பீரியட்ஸும் தள்ளிப்போயிருக்கிறது. முன்கூட்டி எண்ணி நாளைக் குறிக்க முடியாததற்கு இதுதான் காரணம். அந்தந்த மாதம் உடம்பு காட்டும் அடையாளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுவதிலேயே வரும் தப்பு

சுழற்சியின் முதல் நாள் என்பது சிவப்பாக, நாப்கின் வைக்கும் அளவுக்கு உதிரம் வரத் தொடங்கும் நாள். அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் பழுப்பாகக் கறை படுவது கணக்கில் வராது. நம் வீடுகளில் பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளிப்பது வீட்டுக்கு வீடு மாறும். டாக்டர் 'கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்' என்று கேட்டாலும், உதிரம் தொடங்கிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நாள் வித்தியாசம் வந்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தேதி எல்லாம் இடம் மாறிவிடும்.

கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்த மாதத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். அந்த மாதத்தின் நீளம் மாத்திரையின் நீளம், உடம்பின் நீளம் கிடையாது. அதேபோல, பீரியட்ஸ் வரவழைக்க டாக்டர் ஐந்து முதல் பத்து நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து, நிறுத்தியதும் உதிரம் வந்தால், அது மருந்து நின்றதால் கருப்பையின் உள்தோல் உதிர்ந்தது. முட்டை வெளியானதற்கு அது சாட்சி ஆகாது.

எதைச் சீரற்றது என்று சொல்வது? 24 முதல் 38 நாட்களுக்குள் வருவது இயல்பு. மிகக் குறுகிய சுழற்சிக்கும் மிக நீண்டதற்கும் நடுவே ஏழு முதல் ஒன்பது நாள் வரை வித்தியாசம் இருப்பதும் இயல்புதான். மாதாமாதம் 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவரின் சுழற்சி நீளமானது, ஆனால் ஒழுங்கானது. பருவமடைந்த முதல் இரண்டு மூன்று வருடங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், நாற்பதுகளின் பிற்பகுதி ஆகிய காலங்களில் தேதி ஆடத்தான் செய்யும்.

உள்ளே நடப்பது

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் சில முட்டைப் பைகள் வளரத் தொடங்கும். ஃபாலிக்கிள் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருவது இந்தப் பைதான். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு, நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வீதம் பெரிதாகும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு ஏறியதும் பிட்யூட்டரி எல்.ஹெச். ஹார்மோனைக் குபீரென்று கொட்டும். அது தொடங்கி 24 முதல் 36 மணி நேரத்தில் பை உடைந்து முட்டை வெளியே வரும். உடைந்த பை அடுத்த இரண்டு வாரமும் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். கரு தங்கவில்லை என்றால் அது வற்றி, பீரியட்ஸ் வரும்.

வெளியான முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ, கருப்பை வாயின் வழவழப்பான திரவத்துக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். எனவே ஒரு சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ளவை ஆறு நாட்கள்: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அவற்றிலும் முட்டை வெளியாவதற்கு முந்தைய இரண்டு நாட்கள்தான் கெட்டி. முட்டை வெளியான மறுநாள் சேர்ந்தால் ஏறக்குறைய பயனில்லை. 'முட்டை வெடித்துவிட்டது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு அதன் பிறகு சேரலாம்' என்று காத்திருப்பவர்கள் அந்த மாதத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

சுழற்சி தள்ளிப்போவதற்கு மிகப் பரவலான காரணம் பி.சி.ஓ.எஸ். இதைத் தமிழில் 'நீர்க்கட்டி' என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பயத்தை வளர்த்துவிட்டோம். ஸ்கேனில் மணிமாலை போலத் தெரிபவை கட்டிகளே அல்ல. இரண்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் வரை வளர்ந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுவிட்ட முட்டைப் பைகள். அறுவை செய்து எடுக்க வேண்டியவையும் அல்ல, கரைக்க வேண்டியவையும் அல்ல. இன்சுலினும் ஆண் ஹார்மோன்களும் கூடுவதால் எந்தப் பையும் முந்த முடியாமல் திணறுகிறது. சில மாதம் 40-ஆம் நாளில் ஒன்று எப்படியோ முந்திவிடும், சில மாதம் எதுவுமே முந்தாது. ஆகவே பி.சி.ஓ.எஸ். இருந்தால் முட்டை வராது என்பதும் பிழை. வரும், எப்போது என்றுதான் தெரியாது.

தைராய்டு குறைவு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடுதல், திடீர் எடை இழப்பு, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி, தாய்ப்பால் கொடுக்கும் காலம், கருத்தடை ஊசியை நிறுத்திய பிந்தைய மாதங்கள் ஆகியவையும் சுழற்சியைக் குலைக்கும். மாதாமாதம் உதிரம் வந்தும் முட்டை வெளியாகாமல் இருப்பதும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கட்டி எழுப்பிய உள்தோல், தாங்க முடியாமல் தானாகச் சரிந்து உதிரும். அப்படி வரும் போக்கு சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போகும், சிலருக்குக் கட்டிகட்டியாகப் போகும்.

வெண்டைக்காய் நூல்

கையில் காசில்லாமல் பார்க்கக்கூடிய, முன்கூட்டியே சொல்லும் அடையாளம் கருப்பை வாய்த் திரவம். வெள்ளைப்படுதல் என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்கிவிடுகிறோமே, அதேதான்.

உதிரம் நின்றதும் சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு பசை போலக் கொஞ்சம் ஒட்டும், விரல்களைப் பிரித்தால் அறுந்துவிடும். அடுத்து லோஷன் போல வெண்மையாக வரும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்கு ஏற ஏற, தெளிவாக, வழுக்கலாக, முட்டையின் வெள்ளைக்கரு போல ஆகும். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்திக்கும் காய்க்கும் நடுவே நூல் இழுபடும் பாருங்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அப்படி ஓரிரண்டு அங்குலம் அறுபடாமல் நீளும். இந்த வழுக்கல் தென்படும் நாட்கள்தான் சேர வேண்டிய நாட்கள். வழுக்கல் இருந்த கடைசி நாளை ஒட்டியே முட்டை வெளியாகும். மறுநாளே திரவம் கெட்டியாகும் அல்லது வறண்டுவிடும்.

பாத்ரூம் போகும்போது, சிறுநீர் கழிப்பதற்கு முன் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். துடைக்கும்போது பேப்பர் வழுக்கிக்கொண்டு போகிறதா, உரசுகிறதா என்பதே பாதித் தகவல். தாம்பத்தியம் முடிந்த மறுநாள் காலையில் பார்ப்பது பயன்படாது, விந்துத் திரவத்தோடு குழம்பிவிடும். தயிர்த் திப்பி போல வந்து அரித்தாலோ, மஞ்சள் பச்சையாக நாற்றத்தோடு வந்தாலோ அது தொற்று. அதற்கு மருத்துவரைப் பாருங்கள்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆகும் வண்டி போல, ஒரே சுழற்சியில் இரண்டு மூன்று தடவை வழுக்கல் வந்துவந்து நிற்கும். ஒரு பை வளரப் பார்த்து நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியானதா என்பதைப் பிறகு வெப்பநிலையோ ரத்தப் பரிசோதனையோ சொல்லட்டும்.

ஓவுலேஷன் கிட்: எங்கே ஏமாற்றும்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இந்தப் பட்டை சிறுநீரில் எல்.ஹெச். ஏற்றத்தைக் காட்டும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் மங்கலான இரண்டாம் கோடும் 'பாசிட்டிவ்' என்று பழகியவர்கள் இங்கே தவறுகிறார்கள். எல்.ஹெச். எந்த நாளும் கொஞ்சம் இருக்கும், அதனால் மங்கல் கோடு எப்போதும் வரலாம். சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் கணக்கு. கவரில் சொல்லியிருக்கும் நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். அரை மணி கழித்துக் காய்ந்த பட்டையைப் படிக்கக் கூடாது.

சோதனையை முற்பகலிலோ மாலையிலோ, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்யுங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர், மோர், காபி எதுவும் நிறையக் குடிக்க வேண்டாம். நீர்த்த சிறுநீரில் கோடு மங்கிவிடும். எந்த நாளில் தொடங்குவது? உங்கள் மிகக் குறுகிய சுழற்சியில் 17-ஐக் கழியுங்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு 31-ல் 17 போக 14-ஆம் நாள். ஆனால் அவருக்கு முட்டை 38-ஆம் நாள் வரை தள்ளிப்போகக்கூடும் என்பதால் 25 பட்டையாவது செலவாகும். செலவைக் குறைக்க ஒரு வழி: திரவம் லோஷன் போல மாறும்வரை காத்திருந்து, அன்று பட்டையைத் தொடங்குவது. கோடு அழுத்தமான அன்றும் மறுநாளும் சேர்ந்தால் போதும்.

பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு எல்.ஹெச். அடிப்படை அளவே கூடுதலாக இருக்கும். அவர்களுக்குப் பட்டை ஐந்து நாள், ஏழு நாள் தொடர்ந்து அழுத்தமாகவே காட்டலாம், ஒரே மாதத்தில் பல தடவையும் காட்டலாம். முட்டையை வெளியேற்றப் போடும் ஹெச்.சி.ஜி. ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் பட்டை பொய் சொல்லும். முட்டை வெளியாக உத்தரவு போய்விட்டது என்பதுதான் பட்டை தரும் செய்தி. உத்தரவு நிறைவேறியதா என்பது அதற்குத் தெரியாது.

தெர்மாமீட்டர் எதற்கு

முட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரோன் உடம்பின் வெப்பநிலையை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றும். ஃபாரன்ஹீட்டில் 97.3 சுற்றி இருந்தது 97.9 சுற்றிப் போகும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், வாயில் எதுவும் படுமுன், தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். அதற்கு முன் மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். காய்ச்சல், இரவு ஷிஃப்ட், நடுநடுவே எழுப்பும் கைக்குழந்தை எல்லாம் அன்றைய எண்ணைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கடந்து போங்கள். முந்தைய ஆறு நாள் எண்களையும்விட அடுத்தடுத்த மூன்று நாள் கூடுதலாக இருந்தால், முட்டை வெளியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன் என்று பலர் இதை ஒதுக்குவார்கள். சீரான சுழற்சி உள்ளவர்களுக்கு அது சரி. சீரற்றவர்களுக்கு இதில் வேறொரு லாபம். 'நாள் தள்ளிப்போயிருக்கிறதா' என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் வரவேண்டிய நாள் என்று ஒன்று இல்லை. வெப்பநிலை ஏறிய நாளைத் தெரிந்துகொண்டால், இன்னும் 12 முதல் 14 நாளில் பீரியட்ஸ் என்று சொல்லிவிடலாம். ஏறியது 18 நாளாக இறங்காமல் நின்றால் கர்ப்பப் பரிசோதனை செய்யலாம். நாற்பது நாளாகியும் ஏறவே இல்லை என்றால், இன்னும் முட்டை வெளியாகவில்லை.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்

'21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்' என்று எழுதிக்கொடுப்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுப்பதுதான் அதன் உட்பொருள். 44 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாள் எடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும், முட்டையே 30-ஆம் நாள்தானே வெளியாகப்போகிறது? அவருக்கு 37-ஆம் நாள் சரியான நாள். நீளம் கணிக்க முடியாதவர்கள் கிட் அழுத்தமாகக் காட்டி ஒரு வாரம் கழித்து எடுக்கலாம், அல்லது பீரியட்ஸ் வரும்வரை வாரம் ஒருமுறை எடுக்கலாம். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது.

ஃபாலிகுலர் ஸ்டடி என்பது ஓரிரு நாள் இடைவெளியில் உள்வழி ஸ்கேன் செய்து பை வளர்வதை அளப்பது. சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். வழக்கமாகப் பத்தாம் நாள் சுமாருக்குத் தொடங்குவார்கள். ஒரு பை 10 மில்லிமீட்டரைத் தாண்டி முந்திவிட்டால் அதைப் பின்தொடரலாம், 18 முதல் 24 மில்லிமீட்டரில் உடையும். மருந்தில்லாமல் 50 நாள் சுழற்சியில் இதைச் செய்வது வீண் அலைச்சல். முட்டை வளர மாத்திரை கொடுத்த மாதத்தில்தான் இது உதவும்.

நாள் பார்க்காமல் ஒரு வழி

மேலே உள்ளது எதுவும் ஒத்துவராதவர்களுக்கு: பீரியட்ஸ் நின்றதிலிருந்து அடுத்தது வரும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேருங்கள். விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும் என்பதால் முட்டை எந்த நாளில் வந்தாலும் அங்கே காத்திருக்கும். 'பலம் சேரட்டும்' என்று பத்து நாள் விரதம் இருப்பது தேவையற்றது, பழைய விந்தணுக்கள்தான் சேரும். கடையில் வாங்கும் வழவழப்பு ஜெல்களில் பல விந்தணுவின் நீச்சலைக் குறைப்பவை. முடிந்தவுடன் கால்களைத் தூக்கி வைக்க வேண்டியதும் இல்லை.

இதே காரணத்தால், கர்ப்பம் வேண்டாம் என்பவர்கள் சீரற்ற சுழற்சியில் 'சேஃப் நாள்' கணக்கை நம்பவே கூடாது. அந்தக் கணக்கில் மிகவும் எளிமையான முறையே 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும். பிரசவம் ஆனவர்களுக்கு முதல் பீரியட்ஸுக்கு முன்பே முட்டை வெளியாகிவிடலாம்.

எப்போது மருத்துவரிடம்

கருத்தரிக்க முயல்பவர்கள் 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் பார்க்கச் சொல்வார்கள். சுழற்சி 35 நாளைத் தாண்டித் தாண்டிப் போகிறது, வருடத்துக்கு எட்டு தடவைக்கும் குறைவாக வருகிறது என்றால் அந்தக் காத்திருப்பு வேண்டாம், இப்போதே போங்கள். மூன்று மாதம் வரவில்லை என்றால் குழந்தை ஆசை இல்லாதவர்களும் போக வேண்டும். உதிராமல் தடித்துக்கொண்டே போகும் உள்தோல் நாளடைவில் ஆபத்து. முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., புரோலாக்டின், சர்க்கரை, ஸ்கேன் என்று போகும்.

கணவரின் விந்துப் பரிசோதனையையும் அதே வாரம் செய்துவிடுங்கள். 'இவளுக்குத்தான் பீரியட்ஸ் சரியில்லையே' என்று அதைத் தள்ளிவைத்து, ஒரு வருடம் மனைவி மட்டும் மாத்திரை விழுங்கிய குடும்பங்கள் ஏராளம். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பி.சி.ஓ.எஸ்-ஸுடன் எடையும் கூடுதலாக இருந்தால், 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வெளியாகத் தொடங்கும். 76 கிலோ இருப்பவருக்கு இது நான்கு முதல் ஏழரை கிலோ. மருந்தில் இப்போது முதலில் தரப்படுவது லெட்ரசோல், பீரியட்ஸின் தொடக்க நாட்களில் ஐந்து நாளுக்கு. இந்தியாவில் 2011-ல் இதைக் கருத்தரிப்புக்குத் தரத் தடை விதித்து 2017-ல் நீக்கினார்கள். பழைய செய்தியைப் படித்துவிட்டு இன்றும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் மருந்து இது அல்ல. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும், முயற்சி தொடங்கும்போதே தொடங்குங்கள். சீரற்ற சுழற்சியில் கர்ப்பம் தாமதமாகத்தான் தெரியவரும், குழந்தையின் முதுகுத்தண்டோ அதற்கு முன்பே உருவாகிவிடும்.

கர்ப்பம் உறுதியான பிறகும் தேதிக் குழப்பம் விடாது. கடைசி பீரியட்ஸிலிருந்து எண்ணும் கணக்கு, முட்டை 14-ஆம் நாள் வெளியானதாக வைத்துக்கொள்ளும். உங்களுக்கு 30-ஆம் நாள் வெளியாகியிருந்தால், கணக்குப்படி எட்டு வாரம் என்று போய்ப் படுக்கும்போது ஸ்கேனில் ஆறு வாரத்துக்கும் குறைவான கருதான் தெரியும். இதயத் துடிப்பு அப்போதுதான் தொடங்கியிருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். 'வளர்ச்சி இல்லை' என்று யாராவது சொன்னால், கிட் அழுத்தமாகக் காட்டிய தேதியையோ வெப்பநிலை ஏறிய தேதியையோ எடுத்துக் காட்டுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் குழந்தையின் நீளத்தை அளந்து சொல்லும் பிரசவத் தேதியே இனி உங்கள் தேதி. அதை ஃபைலின் முதல் பக்கத்தில் திருத்தி எழுத வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி மாதத்தில் 'நாள் கடந்துவிட்டது' என்று சொல்லி இரண்டு வாரம் முன்பே வலி வர ஊசி போட நேரும்.